புது கேமரா வாங்காவிட்டால் பின்தங்கிவிடுவோமா?

கேள்வி: வார இறுதிகளில் நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது சின்ன அளவு (க்ராப்) சென்சார் உள்ள 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 மி.மீ. எஃப் 1.8. கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். வாடிக்கையாளர்களும் "என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இருண்ட அரங்குகளில் என் படங்கள் சுமாராகத்தான் வருகின்றன. தவணையில் ஒரு புது பாடி வாங்கிவிடலாமா?

பதில்:

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தவணை போட்டு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) மாற்றும் கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. அதற்காக "கேமராவில் ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணில்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடவும் மாட்டேன். அந்த வசனத்தைப் பெரும்பாலும் நல்ல கேமராவாக நாலைந்து வைத்திருப்பவர்கள்தான் பேசுகிறார்கள். கருவி முக்கியம்தான். ஆனால் எந்தக் கருவி, எந்தக் குறைக்கு என்று தெரியாமல் வாங்கினால், பழைய குறை புது கேமராவிலும் அப்படியே கூட வரும்.

முதலில் இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உங்கள் படங்களிலிருந்து வருவதைவிட அதிகமாக, கேமரா என்ற பொருள் செய்யப்படும் விதத்திலிருந்து வருகிறது. நிக்கான் எஃப்3 1980-ல் வந்தது, 2001 வரை தயாரிப்பில் இருந்தது. அந்த இருபது வருடமும் அதில் எடுத்த படங்களின் தரம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1986-ல் கோடாக்கின் டி-மேக்ஸ் ஃபிலிம் வந்தது, 1990-ல் ஃபூஜியின் வெல்வியா வந்தது. பழைய பாடிக்குள் புது ரோலைப் போட்டால் வேலை முடிந்தது. இன்றைய கணக்கில் சொன்னால், பாடியை விட்டுவிட்டு சென்சாரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். டிஜிட்டலில் அது முடியாது. சென்சார், புராசசர், ஆட்டோஃபோகஸ், திரை எல்லாம் ஒரே பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்று மேம்பட்டால்கூட முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, சந்தை சுருங்கிய கதை. ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபா வெளியிடும் கணக்குப்படி, 2010-ல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின. 2023-ல் அது சுமார் 77 லட்சம். சட்டைப்பையில் போகும் சின்ன கேமராக்களை செல்போன் விழுங்கிவிட்டது. லென்ஸ் மாற்றும் வகை கேமராக்கள்கூட 2012-ல் இரண்டு கோடியைத் தொட்டு, பிறகு அறுபது லட்சம் அளவுக்கு இறங்கின. புதிதாக கேமரா வாங்குபவர் கூட்டம் இப்படிக் கரைந்தால் நிறுவனம் யாரிடம் போய் விற்கும்? ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவரிடம்தான். அதாவது உங்களிடமும் என்னிடமும். விலை உயர்ந்த மாடல்களில் கவனம் போனதும், உங்கள் கையில் இருப்பது பழசு என்று விதவிதமாகச் சொல்லிக்கொண்டே இருப்பதும் இந்தக் கணக்கின் விளைவுதான். இதில் சதி எதுவும் இல்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும்.

மூன்றாவது, ரிவ்யூக்கள். ஒரு கேமராவை அதன் முந்தைய மாடலோடு ஒப்பிட்டு வித்தியாசம் காட்ட வேண்டும் என்றால், வித்தியாசம் தெரியும் இடத்துக்குத்தான் போயாக வேண்டும். வெளிச்சத்துக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 12800-க்கு ஏற்றி எடுத்து 200 சதவீதம் ஜூம் செய்வார்கள். ஐந்து ஸ்டாப் இருட்டாக எடுத்துவிட்டு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) நிழலைத் தூக்கிக் காட்டுவார்கள். சோதனையாக அது நேர்மையான சோதனைதான். ஆனால் ஐந்து ஸ்டாப் இருட்டாக நீங்கள் எப்போது எடுத்தீர்கள்? அப்படி எடுத்திருந்தால் சரிசெய்ய வேண்டியது கேமராவை அல்ல. போதாக்குறைக்கு, பல ரிவ்யூக்களின் வருமானமே கீழே இருக்கும் வாங்கும் லிங்க்கிலிருந்து வருகிறது. "இருப்பதே போதும்" என்று முடியும் ரிவ்யூவுக்கு அங்கே வருமானம் இல்லை.

சரி, சென்சார் உண்மையில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது? 2000-களில் அது பாய்ச்சலாகத்தான் போனது. அந்தக் காலத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேமரா மாற்றியவரைக் குறை சொல்ல மாட்டேன். கேனான் 5டி 2005-ல் 12.8 மெகாபிக்சலோடு வந்தது. 2008-ல் அதன் அடுத்த பதிப்பு 21 மெகாபிக்சலோடு, முழு எச்டி வீடியோவும் சேர்ந்து வந்தது. அது உண்மையான மாற்றம். அப்புறம் வேகம் குறைந்துவிட்டது. நிக்கான் டி800 2012-ல் வந்தபோது சென்சார்களைச் சோதிக்கும் டிஎக்ஸ்ஓமார்க் அளந்த டைனமிக் ரேஞ்ச், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஒரே படத்தில் பிடிக்கும் வீச்சு, 14.4 ஸ்டாப். இரண்டு தலைமுறை கழித்து 2017-ல் வந்த டி850-க்கு 14.8. ஐந்து வருட உழைப்பு, அரை ஸ்டாப்புக்கும் குறைவு.

இதற்குக் காரணம் இயற்பியல். இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான நாய்ஸில் பெரும்பகுதியை கேமரா உண்டாக்குவதில்லை. ஒளியே துகள் துகளாக, சீரில்லாமல் வந்து விழுகிறது. குறைவாக விழுந்தால் அந்தச் சீரின்மை கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைய சென்சார்கள் கலர் ஃபில்டரைத் தாண்டித் தங்கள் மேல் விழும் ஒளித் துகள்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பிடித்துவிடுகின்றன. ஒன்றுகூடத் தவறாமல் பிடிக்கும் சென்சாரை நாளை யாராவது செய்தாலும் நமக்குக் கிடைப்பது ஒரு ஸ்டாப்புக்குள்தான். சில புது நுட்பங்கள் இந்தத் தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தும் வருகின்றன. சோனி 2023-ல் அறிவித்த ஏ9 மூன்றாம் பதிப்பில் குளோபல் ஷட்டர் இருக்கிறது, எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் படிக்கும். வேகமாகச் சுழலும் மட்டையும் வளையாது. அதற்கு ஈடாக அதன் அடிப்படை ஐஎஸ்ஓ வழக்கத்தைவிட உயரமாக, 250-ல் தொடங்குகிறது. விளையாட்டுப் படம் எடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இயற்கைக் காட்சி எடுப்பவருக்கு அதில் லாபமே இல்லை.

மெகாபிக்சலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடைசியில் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000 க்கு 4000 பிக்சல். டி850-ன் 45.7 மெகாபிக்சல் படம் 8256 க்கு 5504. எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரிகிறது, ஆனால் பக்க அளவில் 38 சதவீதம்தான் கூடுகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் உங்கள் படம் 20 அங்குல அகலம் வரை போகும், அது 27 அங்குலத்தைத் தாண்டும். ஏ4 தாளை அதே தரத்தில் நிரப்ப 8.7 மெகாபிக்சல் போதும். 4கே டிவியில் மொத்தமாகவே 8.3 மெகாபிக்சல்தான் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் படங்களில் பெரும்பாலானவை செல்போன் திரையில்தான் பார்க்கப்படுகின்றன. தூரத்துப் பறவையின் படத்தை வெட்டிப் பெரிதாக்குபவருக்கும், அருகில் நின்று பார்க்கும் விளம்பரப் பலகைக்கு அச்சிடுபவருக்கும் 45 வேண்டும். நிகழ்ச்சிக்கு 24 தாராளம். கூடுதல் மெகாபிக்சலில் ஒரு தொந்தரவும் உண்டு: 100 சதவீதத்தில் பார்த்தால் கை நடுக்கமும் ஃபோகஸ் பிசகும் முன்னைவிட நன்றாகவே தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் உண்மையிலேயே மாறிய ஒன்று உண்டு. அது ஆட்டோஃபோகஸ். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது சென்சார் அல்ல, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கும் இன்னொரு பகுதி. படம் விழும் பாதை வேறு, ஃபோகஸ் அளக்கும் பாதை வேறு. இரண்டுக்கும் இம்மி பிசகினால் மூக்கில் வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்காரும். ஃபோகஸ் புள்ளிகளும் நடுவிலேயே குவிந்திருக்கும், ஓரத்தில் நிற்பவரைப் பிடிக்க கேமராவைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸ் பார்க்கிறது. கேனான் 2013-ல் 70டி-யில் கொண்டுவந்த டூயல் பிக்சல் முறை இதில் பெரிய படி. அதன்பின் கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடர்வது வந்தது, 2020-ல் வந்த கேனான் ஆர்5 போன்ற கேமராக்கள் பறவையின் கண்ணையே பிடிக்கின்றன. எஃப் 1.4-ல் ஓடும் குழந்தையை எடுப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. முன்பு பத்தில் நாலு தேறிய இடத்தில் இப்போது எட்டு ஒன்பது தேறலாம். பாடிக்குள்ளேயே இருக்கும் நடுக்கத் தடுப்பு, சத்தமில்லாத ஷட்டர் இரண்டும் வேலைக்கு உதவுபவைதான். ஆனால் சத்தமில்லாத ஷட்டரை எல்இடி விளக்குக்குக் கீழே போட்டு, படம் முழுக்கக் கோடு கோடாக வந்து முழித்தவர்கள் நிறைய. அதற்குச் சென்சார் வேகமாகப் படிக்க வேண்டும், எல்லா மிரர்லெஸ்ஸும் அப்படிப் படிப்பதில்லை.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். உங்கள் படங்கள் எதனால் கெடுகின்றன? இதற்கு ரிவ்யூ எதுவும் வேண்டாம், உங்கள் ஹார்ட் டிஸ்க்கே பதில் சொல்லும்.

கடைசியாகப் போன நாலைந்து நிகழ்ச்சிகளில் நீங்கள் ஒதுக்கிய படங்களைத் திறந்துகொள்ளுங்கள். தேர்ந்தெடுத்தவை வேண்டாம், ஒதுக்கியவை மட்டும். ஒவ்வொன்றையும் 100 சதவீதத்தில் வைத்து, பக்கத்தில் ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் பாருங்கள். மேடையில் பேசுபவரின் படம் என்று வைத்துக்கொள்வோம். மைக் கூர்மையாக இருக்கிறது, அதன் தண்டில் உள்ள திருகுகூடத் தெரிகிறது, ஆனால் ஆட்டிய கை புகை மாதிரி கலைந்திருக்கிறது என்றால் ஆள் அசைந்திருக்கிறார், ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. அநேகமாக அங்கே 1/60 அல்லது அதற்கும் கீழே இருக்கும். மைக், முகம், பின்னால் இருக்கும் திரை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், விளக்குப் புள்ளிகள் குட்டிக் கோடாக மாறியிருந்தால், அது உங்கள் கை நடுக்கம். மைக் மங்கல், முகம் மங்கல், ஆனால் பின்னால் நிற்பவரின் சட்டைப் பொத்தான் கத்திபோல் கூர்மை என்றால் ஃபோகஸ் தவறிவிட்டது. எல்லாம் கூர்மைதான், ஆனால் நிழல் பகுதி முழுக்கக் கலர் கலராகப் புள்ளி என்றால் வெளிச்சம் போதவில்லை, அல்லது இருட்டாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் தூக்கியிருக்கிறீர்கள். எல்லாமே தொழில்நுட்பமாகச் சரி, இருந்தும் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றால் கண் மூடியிருக்கும், பின்னால் யாரோ எட்டிப் பார்த்திருப்பார்கள், கணம் தப்பியிருக்கும். இந்தக் கடைசி வகைக்கு எந்த நிறுவனமும் மருந்து விற்பதில்லை.

ஐந்து வகைக்கும் கோடு போட்டு எண்ணுங்கள். நான் பார்த்தவரை, உங்களைப் போல கிட் லென்ஸில் அரங்கப் படம் எடுப்பவர்களிடம் முதல் வகையும் நாலாவது வகையும்தான் முக்கால்வாசி. இரண்டுமே வெளிச்சப் பிரச்சினை.

இப்போது கணக்குப் போடுவோம். க்ராப்பிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் சென்சார் பரப்பு சுமார் 2.3 மடங்கு கூடும். அதாவது ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும். அதுதான் அந்தப் பெரிய செலவுக்கு நாய்ஸில் கிடைக்கும் லாபம். உங்கள் 18-55 லென்ஸ் 50 மி.மீ. பக்கம் போகும்போது எஃப் 5.6-க்கு வந்துவிடும் (எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்). அதே இடத்தில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 50-ஐ மாட்டி எஃப் 2.8 வைத்தால் நாலு மடங்கு வெளிச்சம். முழுக்கத் திறந்து எஃப் 1.8 என்றால் சுமார் பத்து மடங்கு, மூன்று ஸ்டாப்புக்கு மேல். 1/60-ல் கலைந்த கை 1/250-ல் நிற்கும், ஐஎஸ்ஓவும் குறையும். சும்மா பையில் கிடக்கும் லென்ஸ், நீங்கள் தவணையில் வாங்க நினைக்கும் பாடியைவிட அதிகம் கொடுக்கிறது. ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கி அதில் எஃப் 4 ஜூமை மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டிக் கழித்தால், எஃப் 2.8 ஜூம் மாட்டிய க்ராப் கேமராவுக்கும் அவர்களுக்கும் நாய்ஸில் பெரிய வித்தியாசம் இருக்காது.

50 மி.மீ. க்ராப்பில் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கும், கூட்டமான இடத்தில் பின்னால் நகர இடம் கிடைக்காது, அது தெரியும். அதற்கு 17-50 எஃப் 2.8 வகை ஜூம்கள் க்ராப் டிஎஸ்எல்ஆர்களுக்கு நிறையவே வந்திருக்கின்றன, பழையதாக எளிதில் கிடைக்கும். அதோடு ஒரு ஃப்ளாஷ். கேமராவிலேயே இருக்கும் குட்டி ஃப்ளாஷைச் சொல்லவில்லை, தலை திரும்பும் ஃப்ளாஷ். வெள்ளைக் கூரையோ சுவரோ இருந்தால் அதன்மேல் அடித்துத் திருப்பிவிட்டால் அறையே ஜன்னல் வெளிச்சம் மாதிரி ஆகிவிடும். ஃப்ளாஷின் மின்னல் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் நீடிக்கும், ஆகவே ஆட்டிய கை தானாக நின்றுவிடும். இதைக் கற்றுக்கொள்ளச் சில வாரம் பிடிக்கும். பாடி வாங்குவதைவிட இது சலிப்பான வேலை. அதனால்தான் எல்லோரும் பாடி வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

எண்ணிக்கையில் மூன்றாவது வகை, அதாவது ஃபோகஸ் தவறியவை, முந்தி நின்றால்? அப்போது மிரர்லெஸ்ஸைப் பற்றி யோசிக்க உங்களுக்கு உண்மையான காரணம் இருக்கிறது. அதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று. ட்ரைபாடில் வைத்து அசையாத பொருள் ஒன்றை வ்யூஃபைண்டர் வழியாக ஒருமுறையும் பின்திரையில் பார்க்கும் லைவ் வ்யூவில் ஒருமுறையும் ஃபோகஸ் செய்து எடுத்துப் பாருங்கள். லைவ் வ்யூ படம் மட்டும் கூர்மை என்றால் லென்ஸுக்கும் ஃபோகஸ் பகுதிக்கும் இடையே பிசகு இருக்கிறது. பல டிஎஸ்எல்ஆர்களில் இதை மெனுவிலேயே திருத்தலாம், இல்லாவிட்டால் சர்வீஸில் சரிசெய்வார்கள்.

குறையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மேக்னம் என்ற புகைப்பட ஏஜென்சியைச் சேர்ந்த அலெக்ஸ் மஜோலி. 2000-களின் தொடக்கத்தில் காங்கோவிலும் இராக்கிலும் ஒலிம்பஸின் 5 மெகாபிக்சல் சின்ன கேமராக்களை வைத்துத்தான் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தார். மற்ற செய்திப் புகைப்படக்காரர்கள் பெரிய டிஎஸ்எல்ஆர்களோடு போன காலம் அது. இதைச் சொன்னால் உடனே "பார்த்தீர்களா, கேமரா முக்கியமில்லை" என்பார்கள். கதை அதுவல்ல. சின்னதாக, சத்தமில்லாமல், யாரையும் மிரட்டாமல் இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் இருப்பவை எல்லாம் கூர்மையாக விழ வேண்டும். இந்தத் தேவைகளுக்குச் சின்ன சென்சார் கேமரா பொருத்தமாக இருந்தது, அதை எடுத்தார். அவர் விளையாட்டுப் புகைப்படக்காரராக இருந்திருந்தால் அந்த கேமரா அவரைக் கைவிட்டிருக்கும்.

வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு வருவோம், உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் கேமராவின் பெயரைக் கேட்பது கேமராவைத் தெரிந்து அல்ல, உங்களை அளக்க வேறு அளவுகோல் கையில் இல்லாததால். அந்த அளவுகோலை நீங்கள் கொடுங்கள். பத்து நிகழ்ச்சியில் எடுத்த சிறந்த பத்துப் படத்தைக் காட்டினால் அவருக்குச் சந்தேகம் தீராது, அப்படிப் பத்து எல்லோரிடமும் இருக்கும். ஒரே நிகழ்ச்சியை, இருண்ட அரங்கில் நடந்ததாகப் பார்த்து, முதலிலிருந்து கடைசி வரை கொடுத்த முழுத் தொகுப்பாகக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் பாடியின் பெயரைக் கேட்பவர் மிகச் சிலரே. அப்படியும் "இந்த மாடல் இருந்தால்தான் வேலை" என்று ஒருவர் நிபந்தனை வைத்தால், அந்த ஒரு வேலைக்கு வாடகைக்கு எடுத்து, வாடகையைக் கூலியில் சேர்த்துச் சொல்லிவிடலாம். நிபந்தனை அவருடையது, செலவும் அவருடையதாக இருக்கட்டும்.

காசு வாங்கி நிகழ்ச்சி எடுப்பவரிடம் நான் கேட்கும் கேள்வி வேறு. கேமரா நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு பாடிதான் இருக்கிறது. ஷட்டர் ஓர் இயந்திரப் பாகம். டி850 போன்ற உயர்ரகப் பாடிக்கே இரண்டு லட்சம் க்ளிக் வரை சோதித்ததாகச் சொல்கிறார்கள், கீழ்வரிசைப் பாடிகளுக்கு இன்னும் குறைவு. மெமரி கார்டும் போகும். ஆகவே மேம்பட்ட பாடிக்கு முன்னால் இரண்டாவது பாடி. உங்களிடம் இருக்கும் அதே மாடலைப் பழையதாக வாங்கினாலும் சரி: பட்டன்கள் ஒரே இடத்தில் இருக்கும், பேட்டரி இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றில் 50, இன்னொன்றில் ஜூம் என்று மாட்டிக்கொண்டால் லென்ஸ் மாற்றும் நேரமும் மிச்சம். இரண்டு கார்டு ஸ்லாட் இருந்தால் நல்லது. இதில் ஒரு வேடிக்கை: நிக்கான் 2010-ல் வெளியிட்ட டி7000 என்ற நடுத்தர க்ராப் கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தது. 2018-ல் பெரிய விளம்பரத்தோடு வந்த இசட்6, இசட்7, கேனான் ஆர் மூன்றிலும் ஒன்றுதான். 2020-ல் வந்த அடுத்த மாடல்களில் இரண்டாக்கினார்கள். புதுசு என்பதாலேயே வேலைக்கு உகந்தது என்று சொல்ல முடியாது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் எழுதியிருக்கும் விலையோடு முடிவதில்லை. யானை வாங்கியவன் அங்குசத்துக்கும் வழி பார்க்க வேண்டும் அல்லவா? லென்ஸ் பொருந்தும் வளையமான மவுண்ட் மாறும், லென்ஸ்கள் மாறும் அல்லது அடாப்டர் வேண்டும். பேட்டரி வேறு, கார்டு வேறு. ஃபைல் பெரிதாகும், ஹார்ட் டிஸ்க் நிரம்பும், எடிட் செய்யும் கம்ப்யூட்டர் திணறும். மென்பொருளும் சேர்ந்து வரும்: ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் 6-க்குப் புது கேமராக்களின் ஆதரவு 2017-ன் கடைசியோடு நின்றுவிட்டது. அதன்பின் வந்த கேமராவின் ரா ஃபைலை (கேமரா திருத்தாமல் சேமிக்கும் படத்தை) அது நேரடியாகத் திறக்காது, அடோபியின் இலவச டிஎன்ஜி மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். தவணைக் கணக்குப் போடும்போது இதையெல்லாம் சேர்த்துப் போடுங்கள்.

பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. கையிருப்பு இருக்கிறது, புது கேமராவைத் தொட்டால் மகிழ்ச்சி என்றால் தாராளமாக வாங்கலாம். அதற்கு "தேவை" என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி. உங்களுக்கு இது வருமானம் என்பதால்தான் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

லென்ஸ், ஃப்ளாஷ், இரண்டாவது பாடி எல்லாம் முடிந்து, ஒதுக்கிய படங்களில் ஃபோகஸ் பிசகே மிஞ்சி நிற்கிறது என்றால் அப்போது மாறுங்கள். அந்த நாளிலும் புதிதாக வந்த மாடலைத் தொட வேண்டாம், ஒரு தலைமுறை பின்னால் இருப்பதைப் பாருங்கள். அடுத்த மாடல் வந்ததும் பாடியின் விலை சட்டென்று இறங்கும், நல்ல லென்ஸ் அவ்வளவு இறங்காது. வாங்குமுன் அதே மாடலை வாடகைக்கு எடுத்து ஒரு நிகழ்ச்சியில் பழைய பாடியோடு சேர்த்துப் பயன்படுத்திப் பாருங்கள். அடாப்டரைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்: கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் ஆர் வரிசையில் அடாப்டரோடு நன்றாகவே ஓடும், நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது. பாடியின் திருகால் ஃபோகஸ் ஆகும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அதில் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸாகிவிடும். உங்கள் 50 எந்த வகை என்று பாருங்கள். பழைய மிரர்லெஸ் வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம், எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவை பல மாடல்களில் அந்தக் கணக்கில் வராது. பட்டன், டயல், ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் தேய்மானத்தையும் பாருங்கள். புது பாடியை முதன்முதலாகக் காசு வாங்கிய வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள், மெனு கைக்கு வர ஒரு மாதமாவது ஆகும். பழைய டிஎஸ்எல்ஆரை விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 50-ஐ மாட்டி, சார்ஜ் போட்டு, பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.